பழைய பிக்கப்பும் அதில் முன்னால் கை வைத்தவர்களும்

வண்டி வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. 2004 மாடல், 2.5 லிட்டர் டீசல், எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத பழைய டீசல் பம்ப். ஓடோமீட்டர் 2,38,000 கி.மீ. என்று காட்டுகிறது. காட்டுகிறது என்றுதான் சொல்ல முடியும். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிற அழகைப் பார்த்தால் அந்த எண்ணை நம்பத் தோன்றவில்லை. எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அதிலேயே நின்றுவிடும்.

நாற்று வளர்த்து விற்பது என் தொழில். மண், தொட்டி, எரு, செடி எல்லாவற்றுக்கும் வாடகை வண்டியை நம்பி, அது வராமல் நாற்று துவண்டு கிடந்ததைப் பார்த்த ஒரு மத்தியானம்தான் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தேன். புது வண்டிக்குக் கை எட்டவில்லை. பழையதை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். ஸ்பானர் பிடிக்க எனக்குக் கூச்சம் இல்லை. சின்ன வயதில் பெரியப்பாவின் லாரிக்கு அடியில் டார்ச் பிடித்துக்கொண்டு படுத்தவள்தான் நான்.

வண்டி வந்த அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் நான் செய்த வேலை, தேதியும் கிலோமீட்டரும். வலது பக்கம், எனக்கு முன்னால் யாரோ செய்து வைத்திருந்து இப்போது என் கண்ணில் பட்ட வேலை. வலது பக்கம் இவ்வளவு வேகமாக நிரம்பும் என்று நினைக்கவில்லை. வயதாகி தானாகத் தேய்ந்துபோன பொருள் இந்த வண்டியில் குறைவுதான். அவசரத்துக்குக் கட்டிவைத்ததும், தெரியாமல் மாட்டியதும், விற்பதற்காக மூடிமறைத்ததுமே அதிகம்.

முதல் வாரம் அடிப்படை வேலை. சர்வீஸ் ரெக்கார்டு ஒரு தாள்கூடக் கிடையாது. ரெக்கார்டு இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் பத்திரம். அதனால் டைமிங் பெல்ட்டில் கை வைத்தேன், இதை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுத்து. இந்த எஞ்சினுக்கு 1,00,000 கி.மீ.க்கு ஒரு முறை என்று மேனுவல் சொல்கிறது. பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை முட்டும், அதோடு கதை முடிந்தது. சில எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலியோ பல்சக்கரமோ இருக்கும். உங்களுடையதில் என்ன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய பெல்ட்டைத் திருப்பி மடித்தபோது பல்லின் வேரில் வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் அதை என் கையில் கொடுத்தார்.

எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் நானே மாற்றினேன். கியர் ஆயிலில் ஒரு சங்கதி உண்டு. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு ரகம். எண் பெரிதாக இருப்பதால் ஐந்துதான் உசத்தி என்று எல்லாவற்றிலும் ஊற்றிவிடக் கூடாது. ஐந்தில் கந்தகச் சேர்மானம் அதிகம். அது பின் அச்சின் பல்லுக்கு நல்லது. ஆனால் சில வகை ஜிஎல்-5 ஆயில், கியர் பாக்ஸுக்குள் கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை நாளடைவில் அரித்துவிடும். மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதை ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிரேக் ஆயில் காப்பி நிறத்தில் வந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். டாட்-4 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கிவிடும். பாரத்தோடு இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

இரண்டாவது வாரம் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் சோம்பேறித்தனமாக ஒரு சுற்று. மூன்றாவது தடவை ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ஒரு கடைக்காரர் பேட்டரியைப் பார்த்தார், தட்டினார், போச்சு என்றார். புது பேட்டரி வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் டக்.

அளக்காமல் வாங்கியது என் தப்பு. மல்டிமீட்டர் வீட்டில்தான் இருந்தது. அன்றைக்கு உட்கார்ந்து அளந்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், குறை இல்லை. தம்பியைச் சாவி போடச் சொல்லிவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டிலும் சிவப்பு முனையை எஞ்சினில் துரு இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்தேன். இரண்டுமே எர்த். அதனால் செல்ஃப் சுற்றும்போதும் இரண்டுக்கும் நடுவில் வோல்ட் ஏறக்குறைய இருக்கவே கூடாது. 0.2-க்குள் இருந்தால் சரி. என் மீட்டர் 1.9 காட்டியது.

12 வோல்ட்டில் இரண்டு வோல்ட் எர்த் வழியிலேயே தொலைந்துபோகிறது என்று அர்த்தம். இதை ஓம் அளந்து கண்டுபிடிக்க முடியாது. செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே இரண்டு வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டர் அந்தத் தடையைச் சுழி என்றுதான் காட்டும். கரண்ட் ஓடும்போது வோல்ட்டை அளந்தால்தான் திருடன் பிடிபடுவான்.

எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையைத் தேடி அடியில் போனேன். (சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்குக்குத் துணையாக ஸ்டாண்டு. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.) பட்டை பளிச்சென்று கறுப்பாக இருந்தது. பக்கத்து போல்ட்டும் கறுப்பு, சேஸிஸும் கறுப்பு. விற்பதற்கு முன்னால் அழகு பார்த்து அடிப்பாகம் முழுக்கப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பட்டையைக் கழற்றி, சேஸிஸுக்கு அடித்துவிட்டு, அந்தப் பெயிண்ட்டுக்கு மேலேயே பட்டையை வைத்து முடுக்கி, அதற்கு மேல் இன்னொரு கோட். உள்ளே வெறும் இரும்பும் செம்பும் தொட்ட இடம் போல்ட்டின் மரை மட்டும்தான். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினேன். மறுபடி அளந்தபோது 0.1. பழைய பேட்டரியையும் போட்டுப் பார்த்தேன். ஒரே சுற்றில் எடுத்தது. அது இப்போது பண்ணையில் சின்ன பம்ப்பை ஓட்டிக்கொண்டு இருக்கிறது.

வலது பக்கம், முதல் வரி: பெயிண்ட்டுக்கு மேல் எர்த்.

அடுத்தது தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. இதில் எனக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. டெம்பரேச்சர் முள் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கால்வாசிக்கு மேல் ஏறவில்லை. காலையில் வெள்ளைப் புகை, டீசலும் கூடக் குடித்தது. தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினால் கேஸ்கெட் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு சிலிகான் அப்பியிருந்தது. உள்ளே வெறும் ஓட்டை. தெர்மோஸ்டாட்டே இல்லை.

"நல்ல ஆள்தான் வச்சிருந்திருக்கான்" என்றார் பெரியப்பா. 31 வருடம் லாரி ஓட்டியவர். வெயில் பிரதேசத்தில் அந்தச் சாமானே வேண்டாம், தூக்கிப் போட்டால் எஞ்சின் குளுகுளுவென்று ஓடும் என்பது அவர் கட்சி.

"குளுகுளுன்னு ஓட அது என்ன பெரியப்பா, ஃபிரிட்ஜா?"

டீசல் எஞ்சினுக்குச் சூடு வேண்டும். அது தன் சூட்டுக்கு வராவிட்டால் டீசல் முழுதாக எரியாது, எரியாதது ஆயிலில் கலக்கும், புகையும் வரும். சில எஞ்சின்களில் இன்னொரு வம்பும் உண்டு. தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிற மாதிரி அமைப்பு. அதில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, வண்டி கூடுதலாகச் சூடாகும். குளிர்ச்சிக்காகக் கழற்றியது நேர்மாறாக முடியும்.

புதியதை மாட்டுவதற்கு முன்னால் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மோமீட்டரோடு அடுப்பில் ஏற்றினேன். உடம்பில் 82 என்று அடித்திருந்தது. 80 வரை அசைவே இல்லை. 82 தாண்டியதும் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. அப்புறம் நிதானமாக வாயைத் திறந்தது. 95-ல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 8 மில்லிமீட்டர் இருக்கும். இறக்கி வைத்ததும் அதே நிதானத்தில் மூடிக்கொண்டது. உள்ளே மெழுகுதான் வேலை செய்கிறது, உருகினால் விரியும், உறைந்தால் சுருங்கும். பெரியப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "வேடிக்கையா இருக்கு" என்றார், ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டும்போது ஓரத்தில் ஆடுகிற சின்ன ஊசி மேல் பக்கம் வரவேண்டும், கூலண்ட் நிரப்பும்போது காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

முள் நடுவுக்கு வந்து நின்றது, புகையும் போனது. மூன்றாம் நாள் எரு மூட்டை ஏற்றிக்கொண்டு நெரிசலில் மெல்ல ஊர்ந்தபோது முள் நடுவைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. அப்போதுதான் புரிந்தது, முன்னால் வைத்திருந்தவர் ஏன் கழற்றினார் என்று. அவருக்கு இந்தச் சூடு வந்திருக்கிறது. காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்.

நல்ல ஓட்டத்தில் சூடாகாமல் நின்று நின்று போகும்போது மட்டும் சூடானால் முதலில் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. எஞ்சினைச் சூடாக நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஃபேனை விரலால் சுண்டினேன். பம்பரம்போல நாலு சுற்றுச் சுற்றியது. இந்த வகை ஃபேனின் நடுவில் ஒரு கிளட்ச் இருக்கும், உள்ளே கெட்டியான சிலிகான் எண்ணெய். சூட்டில் அந்தக் கிளட்ச் இறுகிப்பிடித்து ஃபேனைச் சுழற்ற வேண்டும். சூடான ஃபேனைச் சுண்டினால் கனமாக, முரண்டு பிடிக்க வேண்டும். இது அந்த எண்ணெயை எப்போதோ கக்கியிருக்கிறது. முகத்தில் பிசுபிசுப்பான அழுக்கு வட்டம் சாட்சி. கிளட்சை மாற்றினேன், முள் நடுவிலேயே இருக்கிறது. பெரியப்பாவிடம் சொன்னதற்கு, "ஃபேன் மாத்தினதுலதான் சரியாச்சு, அந்தச் சாமானால இல்ல" என்றார்.

மற்றவை சின்னச் சின்ன சங்கதிகள். பின் சக்கர டிரம்முக்குள் ஆயில் கசிந்துகொண்டே இருந்தது. ஆயில் சீல் புத்தம்புதியது, அதைக் கெடாமல் மாட்டியும் இருந்தார்கள். குறை சீலில் இல்லை. அச்சின் மேலே மூச்சு விடும் ஒரு சின்ன மூடி உண்டு, அது சேற்றில் அடைத்துப்போயிருந்தது. ஓடும்போது உள்ளே காற்று சூடாகி, போக வழியில்லாமல், சீலைத் தாண்டி ஆயிலை வெளியே தள்ளுகிறது. குண்டூசியால் ஐந்து நிமிட வேலை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடைய ஸ்டெப்னி 2311, அதாவது 2011-ன் 23-வது வாரம். பட்டன் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ரப்பர் விறகாகியிருந்தது.

பின் ஸ்பிரிங் பட்டையில் கூடுதலாக ஓர் இலை சேர்த்திருந்தார்கள், பாரம் அதிகம் ஏற்றுவதற்காக. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு கம்பியும் வால்வும் இருக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். கூடுதல் இலை போட்டதும் பாரம் ஏற்றினாலும் வண்டி முன்போலத் தாழ்வதில்லை. வால்வுக்கு வண்டி எப்போதும் ஏறக்குறைய காலி. ஒரு டன் மண் ஏற்றியிருந்தாலும் பின் பிரேக் பாரத்துக்குத் தேவையானதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே பிடிக்கும். இதை நான் சரிசெய்ய முயலவில்லை. கூடுதல் இலையைக் கழற்றிவிட்டு, வால்வை மேனுவல்படி வைக்க மெக்கானிக்கிடம் கொடுத்தேன். இப்போது பாரம் குறைவாகத்தான் ஏற்றுகிறேன்.

இத்தனையும் ஆன பிறகு, மூன்றாவது மாதம், காலையில் ஸ்டார்ட் ஆவதில் மறுபடி தகராறு. இந்தத் தடவை செல்ஃப் கம்பீரமாகச் சுற்றியது. எஞ்சின்தான் பிடிக்கவில்லை. எட்டு, பத்து விநாடி சுற்றி, இருமி, அப்புறம் ஓடியது. ஸ்டார்ட் ஆவதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நாலையும் சோதித்தேன், நன்றாக இருந்தன. தினமும் இல்லை, சில நாள் மட்டும்தான். நோட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. தகராறு செய்த நாளெல்லாம் முந்தின இரவு வண்டியைப் பண்ணைச் சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தியிருந்தேன். சமதரையில் நின்ற இரவுகளுக்கு மறுநாள் ஒரு புகாரும் இல்லை.

பெரியப்பாவிடம் சொன்னேன். "ஏர் எடுக்குது பாப்பா" என்றார் யோசிக்காமல். டேங்க் பின்னால், தாழ்வாக இருக்கிறது. வழியில் எங்கோ காற்று நுழைய இடம் இருந்தால், மூக்கு தூக்கி நிற்கும்போது டீசல் இரவெல்லாம் பின்னால் வடிந்து டேங்குக்கே போய்விடும். காலையில் பம்ப் அதை மறுபடி இழுத்து வரவேண்டும். இதை அவர் சரியாகச் சொன்னார், மறுக்க மாட்டேன்.

எங்கும் ஈரம் இல்லை. டீசல் ஒழுகினால் தெரியுமே என்று தோன்றும். டேங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சும் பாதை, அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸ் மாட்டி எஞ்சினை ஓடவிட்டேன். கடுகளவு குமிழ்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து, ஹோஸின் மேல் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே நகர்ந்து போயின. அதே ஹோஸை ஃபில்டருக்கு முன்னால் மாட்டினேன். பத்து நிமிடம் பார்த்தேன், ஒரு குமிழும் இல்லை. அப்படியானால் காற்று நுழைவது ஃபில்டரில்தான்.

ஃபில்டரின் தலையில், கையால் அமுக்கி டீசலைத் தள்ளும் பிரைமர் இருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு, துடைத்துக் காயவைத்து, பிரைமரை இறுகும்வரை அமுக்கினேன். இப்போது உள்ளே உறிஞ்சல் இல்லை, அழுத்தம். ஃபில்டரும் தலையும் சேரும் விளிம்பில், ஒரே ஓர் இடத்தில், வியர்வை மாதிரி ஒரு சொட்டு அரும்பியது.

ஃபில்டரைச் சுழற்றிக் கழற்றினேன். அதன் விளிம்பில் ரப்பர் வளையம் இருந்தது. தலையில், மேலே ஒட்டிக்கொண்டு, இன்னொரு ரப்பர் வளையமும் இருந்தது. கறுத்து, இறுகி, பிளாஸ்டிக்போல ஆகியிருந்தது. பழைய ஃபில்டரின் வளையம். ஃபில்டரோடு வராமல் மேலேயே தங்கிவிட்டது. அதைக் கவனிக்காமல் அதன்மேல் புதியதை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, நோட்டின் வலது பக்கத்தைத் திறந்தேன். எழுதுவதற்கு முன்னால் இடது பக்கம் கண்ணில் பட்டது. முதல் வாரம், டீசல் ஃபில்டர் மாற்றம், என் கையெழுத்து. அன்று இருட்டிக்கொண்டு வந்தது, டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு செய்தது எல்லாம் ஞாபகம் வந்தது. கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை.

வளையத்தை எடுத்துவிட்டு, தலையைத் துணியால் துடைத்து, புது வளையத்தில் கொஞ்சம் டீசல் தடவி மாட்டினேன். அன்று இரவு வேண்டுமென்றே சரிவில் மூக்கு தூக்கி நிறுத்தினேன். காலையில் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. பெரியப்பா அந்தக் கறுத்த வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே, "இந்த வேலைய எவன் பார்த்தான்?" என்று கேட்டார்.

"முன்னாடி வச்சிருந்தவங்கதான் பெரியப்பா" என்றேன். அவர் இதெல்லாம் படிப்பதில்லை.